வாசலுக்கு வந்த அடுப்பு: ஆடி மாதக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதி தேங்காய், கால்வாசி செடி கொடி, மிச்சத்தில் ஒரு மருமகன். சேலத்தில் ஆடி என்றால் அப்படித்தான். ஒரே விஷயத்தைக் கேட்ட பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே பதில் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"அக்கா, எனக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலி. கல்யாணமாகி நாலு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு இப்போதுதான் சேலத்துக்கு வந்திருக்கிறோம். ஆடி 1 அன்று தேங்காய் சுட வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி பிளாட். கேஸ் அடுப்பில் சுடலாமா? யூடியூபில் ஒருவர் சுட்டுக் காட்டுகிறார்." – அழகாபுரம் வாசகி

கேஸில் வேண்டாம் கண்ணு. முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் ஓட்டில் ஒட்டியிருக்கும் நார் கருகி வீடு முழுக்கப் புகையும், குச்சியோரமாகக் கசிகிற வெல்லம் பர்னரில் இறங்கி அடைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் உள்ளே தண்ணீர் கொதித்து ஆவி முட்டினால் குச்சி பிடுங்கிக்கொண்டு தெறிக்கும். யூடியூப்காரர் நாலு தேங்காயை வெடிக்க விட்டுவிட்டு அஞ்சாவதைத்தான் காட்டியிருப்பார்.

உங்கள் ஊரில் இந்தப் பழக்கம் இல்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தர்மபுரி பக்கம் ஆடி முதல் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் தீ மூட்டித் தேங்காய் சுடுவோம். முற்றிய தேங்காயாக, ஆனால் தண்ணீர் வற்றாததாக, குலுக்கினால் சத்தம் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். குடுமியை முழுசாக எடுத்து, நாரை உரித்து, சொரசொரப்பான தரையில் உரசி உரசி ஓட்டை வழவழவென்று ஆக்க வேண்டும். இது பிள்ளைகள் வேலை, நீங்கள் செய்தால் கை வலிக்கும், அவர்கள் செய்தால் விளையாட்டு. மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும், ஆணியால் அழுத்தினாலே இறங்கும், அதைத் துளைத்துக் கொஞ்சம் அகலமாக்கித் தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போவது பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, அவல், பொடித்த வெல்லம், ஒரு ஏலக்காய். நான் ஒரு தேங்காய்க்கு அரை மணி நேரம் ஊறிய அரிசி 2 ஸ்பூன், வறுத்த பருப்பு 1 ஸ்பூன், வெல்லம் 2 ஸ்பூன், மற்றதெல்லாம் கைக்கு வந்தபடி. பாதிக்கு மேல் அடைக்காதீர்கள், அரிசி வெந்தால் ஊதும் அல்லவா, அதற்கு இடம் வேண்டும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பி ஊற்றி, ஒரு முனை சீவிய குச்சியைக் கண்ணில் செருகி, தேங்காய்க்கும் குச்சிக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வையுங்கள்.

குச்சி என்றால் அழிஞ்சிக் குச்சி. நோம்பிக்கு (பண்டிகையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ரெண்டு நாள் முன்னாலிருந்தே கடைவீதிப் பக்கம் கட்டுக் கட்டாக வைத்து விற்பார்கள், பச்சையாக இருப்பதால் சீக்கிரம் தீப்பிடிக்காது, தேங்காயின் கனத்தையும் தாங்கும். கிடைக்காவிட்டால் பச்சை மூங்கில் குச்சி போதும். ஆனால் எங்கேயோ சாலையோரம் நேராக அழகாக வளர்ந்திருக்கிறதே என்று அரளிக் குச்சியை மட்டும் ஒடித்து வந்துவிடாதீர்கள். அரளி முழுக்க விஷம், அந்தக் குச்சி உள்ளே போய் ஊறி வேகப் போகிறது, நினைவிருக்கட்டும்.

சரி, எங்கே சுடுவது? மொட்டைமாடியில் சுடலாம், ஒரு பழைய இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி அதன்மேல் தீ மூட்டினால் தளம் கெடாது. ஆனால் என்னைக் கேட்டால் கேட்டுக்கு வெளியே, தெருவில்தான். ஒரு தேங்காய்க்கு மூட்டுகிற தீயில் பத்துத் தேங்காய் சுடலாம், ஒருத்தர் மட்டும் மூட்டினால் "யார் வீட்டுப் புகை" என்று சண்டை வரும், பத்துப் பேர் நின்றால் அது நோம்பி. அசோசியேஷன் செயலாளரிடம் அனுமதி கேட்காதீர்கள், "உங்கள் வீட்டுக்கு எத்தனை தேங்காய்" என்று கேளுங்கள். தென்னை மட்டையும் காய்ந்த பாளையும் போதும். தீ நாக்கில் பிடிக்காமல் தணலுக்குச் சற்று மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால், தீயைப் பொறுத்து அரை மணி முன்னே பின்னே ஆகும், ஓடு முழுக்கக் கறுத்து மெல்லிசாக விரிசல் விடும், அப்புறம் ஒரு வாசனை வரும் பாருங்கள், அதுதான் கணக்கு. பிள்ளையார் முன்னால் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, புகை வாசம் ஏறிய தேங்காய்ப் பத்தையோடு உள்ளே வெந்ததையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருவில், அத்தை மகன் ஒருத்தன் தண்ணீரை வடிக்காமலே குச்சியை அடித்து இறுக்கிவிட்டான். கால் மணி நேரத்தில் பட்டாசு மாதிரி வெடித்து, வெந்தும் வேகாத அரிசி பருப்பெல்லாம் மாமாவின் வெள்ளை வேட்டியில். அவனுக்கு இப்போது பேரன் இருக்கிறான், இன்னமும் எங்கள் வீட்டில் அவனுக்கு வெடிகுண்டு என்றுதான் பேர்.

"மகாபாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி ஆடி 18-இல் முடிந்தது, அதனால்தான் தேங்காய் சுடுகிறோம் என்று எங்கள் பாட்டி சொல்கிறார். உண்மையா?" – ஏழாம் வகுப்பு மாணவன், அம்மாப்பேட்டை

நல்ல கேள்வி தம்பி. போர் 18 நாள் நடந்தது என்பது பாரதத்தில் இருக்கிறது. ஆனால் பத்தாம் நாள் விழுந்த பீஷ்மர் உத்தராயணம் வரட்டும் என்று 58 இரவு அம்புப் படுக்கையில் காத்திருந்தார் என்றும் அதே பாரதம்தான் சொல்கிறது. உத்தராயணம் பிறப்பது தையில். தையிலிருந்து 58 நாளைப் பின்னால் எண்ணு, கார்த்திகைப் பக்கம் வந்து நிற்பாய், ஆடிக்கு வரவே மாட்டாய். ஆகவே பாட்டி சொல்வது நம் பக்கத்துக் கதை, ஆடி 1-க்கும் 18-க்கும் நடுவே சரியாக ஒரு போர் பொருந்தியதால் நம் ஊர்க்காரர்கள் பொருத்திக்கொண்டது. இதை நோம்பி அன்று பாட்டியிடம் விளக்கப் போகாதே, தேங்காய் கிடைக்காது.

"மாடித் தோட்டத்தில் சித்திரையில் அவரை போட்டேன். பந்தல் முழுக்க இலை, மூணு மாதமாகியும் ஒரு பூ இல்லை. மண்புழு உரம், மீன் அமிலம் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பிடுங்கிவிடவா?" – கொண்டலாம்பட்டி வாசகி

பிடுங்காதீர்கள், பாவம், அது தன் நேரத்துக்குக் காத்திருக்கிறது. நாட்டுப் பந்தல் அவரைக்கு உரம் கணக்கில்லை, பகல்தான் கணக்கு. பகல் நீண்டிருக்கும் வரை கொடி மட்டும் ஓடும், பகல் குறுகக் குறுகத்தான் பூவெடுக்கும். நம் ஊரில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம், நமக்கு அது தெரியாது, அவரைக்குத் தெரியும். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொன்னவர்களிடம் கடிகாரம் இல்லை, ஆனால் ஆடியில் போட்டால் ஐப்பசி கார்த்திகையில் பூ வருவதைப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் சித்திரையில் போட்டதால் மூணு மாதம் சும்மா தண்ணீர் ஊற்றினீர்கள், அவ்வளவுதான் நஷ்டம். எல்லா மாதமும் காய் வேண்டுமென்றால் குத்து அவரை இருக்கிறது, அது பகலைப் பார்க்காது, ஆனால் ருசியில் பந்தல் அவரைக்குப் பக்கத்தில் வராது என்பது என் அபிப்பிராயம்.

உரத்தை இப்போதே நிறுத்துங்கள். தழைச்சத்து கூடக் கூட இலைதான் கொழுக்கும். இளந்தளிர் கொழுத்தால் அசுவிணிப் பூச்சி வரும், அசுவிணி வந்தால் அதன் தேனுக்கு எறும்பு வரும், எறும்பு சாரை கட்டினாலே தளிரைத் திருப்பிப் பாருங்கள், கறுப்பாக அப்பியிருக்கும். ரொம்ப அப்பிய நுனியைக் கிள்ளித் தூரப் போடுங்கள், மிச்சத்துக்குக் காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவலாம், இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். தேங்காய் சுட்ட சாம்பல் இருக்குமே, அதை யாராவது கொட்டிவிடுவதற்கு முன் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள்.

இதே ஆடியில் சுரை, பீர்க்கன், புடலை எல்லாம் போடலாம். போன மாதம் சுரைப் பிஞ்சு கருகுகிறது என்று எழுதிய ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், சுரைப் பூ சாயங்காலம்தான் விரியும், மாடியில் அந்த நேரத்துக்குப் பூச்சி வராது. நீங்களே ஆண் பூவைக் கிள்ளிப் பிஞ்சு வைத்த பெண் பூவில் தொட்டுவிடுங்கள். காலையில் போய் வாடின பூவைத் தேய்த்துவிட்டு அக்கா சொன்னது பலிக்கவில்லை என்று எழுதக் கூடாது.

"ஏற்காட்டில் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஹைட்ரேஞ்சியா பதியன் கொண்டு வந்தேன். அங்கே நல்ல நீலம். இங்கே தொட்டியில் முதல் பூவே ரோஸ் நிறம். ஏமாற்றிவிட்டாரா? போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், குழாயிலேயே வெள்ளையாகப் படிகிற தண்ணீர்." – ஜாகீர் அம்மாபாளையம் வாசகர்

ஏமாற்றவில்லை ஐயா, பதிலை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பூவை நீலமாக்குவது மண்ணில் இருக்கும் அலுமினியம். மண் புளிப்பாக இருந்தால்தான் அது கரைந்து செடிக்குக் கிடைக்கும். ஏற்காட்டில் மழை அடித்து அடித்துச் சுண்ணாம்பெல்லாம் இறங்கிப்போன மண், நல்ல புளிப்பு. இங்கே உங்கள் தண்ணீரோ சுண்ணாம்பு, தொட்டி மண்ணை நாளுக்கு நாள் புளிப்பில்லாமல் ஆக்குகிறது, அலுமினியம் கட்டிப்போய்விடுகிறது, பூ ரோஸாகிவிடுகிறது. சிலர் துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்வார்கள், அது இரும்பு, இதற்கு உதவாது. மளிகைக் கடைப் படிகாரம் உதவும், அது அலுமினிய உப்பு. ஒரு குடம் மழைத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் படிகாரத் தூள் கரைத்து 15 நாளுக்கு ஒரு தரம் ஊற்றிப் பாருங்கள், அடுத்த பூவெடுப்பில் மாற்றம் தெரியும். வெள்ளைப் பூ வகையாக இருந்தால் என்ன ஊற்றினாலும் மாறாது.

ஆனால் ஒன்று, நிறத்தைவிடப் பெரிய பிரச்சினை வெயில். ஏற்காடு நம்மைவிட 1200 மீட்டர் மேலே, எட்டு டிகிரி குளிர்ச்சி கூட. கிழக்குப் பார்த்த சுவரோரம், காலை வெயில் மட்டும் படுகிற இடம் பாருங்கள். அப்படியும் அடுத்த சித்திரையைத் தாண்டினால் எனக்கு ஒரு பதியன் அனுப்புங்கள், ஏனென்றால் என்னுடையது ரெண்டு தரம் செத்துவிட்டது.

"ஆடி 18-க்கு எங்கள் தெருவில் 40 பேர் சேர்ந்து தட்டுவடை செட் போடலாம் என்றிருக்கிறோம். போன தடவை எல்லாம் நமுத்துப்போய்ச் சொதப்பல்." – செவ்வாய்ப்பேட்டை வாசகி

செட்டை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பீர்கள், வேறென்ன. ரெண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காயும் சட்னியும் வைத்த தட்டுவடை செட் என்பது கையிலிருந்து வாய்க்குப் போகிற பண்டம், நடுவில் தட்டில் காத்திருக்காது. கடைக்காரர் ஏன் நீங்கள் நிற்கும்போதுதான் அடுக்குகிறார் என்று நினைக்கிறீர்கள்?

ஆளுக்கு 4 செட் என்றால் 160 செட், செட்டுக்கு ரெண்டு வீதம் 320 தட்டுவடை, உடைந்ததற்கும் பிள்ளைகள் சும்மா கொறிப்பதற்கும் இன்னும் 40 சேர்த்து வாங்குங்கள். கேரட் 1 கிலோ, பீட்ரூட் முக்கால் கிலோ, வெங்காயம் முக்கால் கிலோ போதும். துருவியதில் உப்பை முன்னாலேயே போட்டுவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பரிமாறும் நேரத்தில்தான் உப்பும் எலுமிச்சையும். பீட்ரூட்டைத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே ஹோலி. காரச் சட்னி, மல்லி புதினாச் சட்னி ரெண்டும் கெட்டியாக, ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில். ரெண்டு பேர் அடுக்கட்டும், மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும், நிற்கிற நேரத்தில்தான் ஊர்க்கதை எல்லாம் நடக்கும். உடைந்த தட்டுவடையை வீசாதீர்கள், மிஞ்சின துருவலும் சட்னியும் போட்டுப் பிசைந்தால் நொறுக்கல் ஆயிற்று, எனக்கு அதுதான் செட்டைவிடப் பிடிக்கும்.

"ஜவ்வரிசிப் பாயசம் கஞ்சி மாதிரி ஆகிவிடுகிறது. சேலத்தில் பிறந்துவிட்டு இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது." – பெயர் வேண்டாம், கிச்சிப்பாளையம்

வெட்கமே வேண்டாம், ஜவ்வரிசி செய்கிற குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை. கடையில் மாவு ஜவ்வரிசி வாங்கியிருப்பீர்கள், அது வடகத்துக்கு. பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி என்று கேளுங்கள். நெய்யில் லேசாகப் பொரித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குங்கள். பாலும் சர்க்கரையும் அப்புறம்.

"ஓய்வு பெற்று ஆறு வருஷம். எங்கள் குடியிருப்பில் என் வயதுக்காரர்கள் எட்டுப் பேர். ஆடி 18-க்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், வந்தால் மொபைல்தான். தூரி (ஊஞ்சல்) கட்டலாமா, ஆடுபுலி ஆட்டம் சொல்லித் தரலாமா? எனக்கே விதி பாதி மறந்துவிட்டது." – சூரமங்கலம் வாசகர்

ரெண்டும் செய்யுங்கள் ஐயா. தூரிக்குப் புளிய மரமோ வேப்ப மரமோ, ஆள் தொடை கனம் உள்ள உயிர்க் கிளை. முருங்கையில் கட்டினால் தூரியோடு கிளையும் கீழே வரும். நைலான் கயிறு கையை அறுக்கும், பருத்திக் கயிறோ நல்ல தேங்காய் நார்க் கயிறோ வாங்குங்கள், கிளையில் கயிறு உரசுகிற இடத்தில் பழைய சாக்கைச் சுற்றுங்கள். முதல் ஆட்டம் பெரியவர்களில் கனமான ஒருத்தர் ஆடிப் பார்த்துவிடுவது நல்லது, யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடுபுலிக்குப் பலகை வேண்டாம், வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் முக்கோணக் கட்டம் போட்டால் போதும், கோடுகள் சேர்கிற இடம் 23. புலி 3, ஆடு 15. புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும், பதினைந்தையும் வைத்து முடிக்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி மட்டும் தன் முறையில் நகரலாம், பக்கத்து ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலியாக இருந்தால் வெட்டலாம். மூன்று புலியையும் அசைய விடாமல் அடைத்தால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். எத்தனை ஆடு போனால் தோல்வி என்பது தெருவுக்குத் தெரு மாறும், ஆறு என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பேரனை முதலில் புலியாக விடுங்கள், நாலு ஆட்டை வெட்டிய ருசியில் தானே உட்காருவான். மொபைலைப் பிடுங்காதீர்கள், அவன் எதிரில் நீங்கள் ரெண்டு பேர் சத்தம் போட்டுச் சண்டை போட்டு ஆடுங்கள், அவனாக எட்டிப் பார்ப்பான்.

சாயங்காலம் குகையில், வண்டிகளில் சாமி வேஷம் கட்டி வருகிற வண்டி வேடிக்கை பார்க்கப் போகிற ஆள் என்றால் எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு சீக்கிரம் போங்கள், சாமி வேஷம் கட்டினவர்களைப் பிள்ளைகள் தோளில் ஏறிப் பார்க்க வேண்டும், தூரத்தில் நின்றால் வெளிச்சம்தான் தெரியும்.

"கூட்டமில்லாமல் ஏற்காடு பார்க்க எப்போது போவது?" – சென்னை வாசகி

மே மாதக் கோடை விழா ஞாயிற்றுக்கிழமை தவிர எப்போது வேண்டுமானாலும். 20 கொண்டை ஊசி வளைவிலும் முன்னால் போகிற பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு போவது என்ன சுகம்? பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்ததாகக் கேள்விப்பட்டால் அடுத்த எட்டுப் பத்து நாளில் கிளம்பி வாருங்கள், காப்பித் தோட்டமெல்லாம் வெள்ளைவெளேரென்று பூத்து மல்லிகை வாசம் அடிக்கும். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வைத்த பயிர் அது. பூ ரெண்டு மூணு நாள்தான் நிற்கும், தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பதைவிட சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போய்க் காற்று வாங்குங்கள். போகும்போது ஒரு ஸ்வெட்டர்.

"தலை ஆடிக்கு மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள். மருமகன் சென்னைப் பையன். சுட்ட தேங்காயைப் பார்த்து 'இது கருகிப்போச்சே ஆன்ட்டி' என்கிறார். ஆடிப் பாலும் வேண்டாமாம், டயட்டாம். என்ன செய்வது?" – அஸ்தம்பட்டி வாசகி

சாப்பிடக் கொடுத்ததுதான் தப்பு, சுடக் கொடுத்திருக்க வேண்டும். குச்சியைக் கையில் கொடுத்து வாசலில் மாமனார் பக்கத்தில் நிற்க வையுங்கள். தானே உரசி, தானே அடைத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அரை மணி நேரம் திருப்பின தேங்காயை எந்த ஆம்பளையும் கருகிப்போச்சு என்று சொல்லமாட்டான். ஆடி 1 போய்விட்டது என்றால் பரவாயில்லை, 18 அன்று இன்னொன்று சுடுங்கள், யாரும் கேஸ் போடமாட்டார்கள். ஆடிப் பாலில் தேங்காய்ப் பால், வெல்லம், ஏலக்காய் தவிர ஒன்றும் இல்லை, சின்ன டம்ளரில் கொடுத்துவிட்டு எதிரில் நின்று பாருங்கள், டயட் என்று சொன்னவர்கள் ரெண்டாவது டம்ளர் கேட்டதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அப்படியும் வேண்டாம் என்றால் எனக்கு எழுதுங்கள், நான் வந்து குடித்துவிட்டுப் போகிறேன்.